வறட்சி எப்படி யுத்தமாகிறது? டார்ஃபூரில் நடந்தது என்ன?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)

பருவநிலை மாறுவதற்கும் யுத்தத்திற்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம். கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேச வேண்டிய இடத்தில், ஆப்பிரிக்காவில் மழை பெய்ததா இல்லையா என்ற பேச்சு எதற்கு என்று சில தோழர்கள் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். மழை பொய்த்தால் முதலில் வேலையிழப்பவர் யார்? நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற கூலிக்காரர். பஞ்சு விளையாமல் போனால் முதலில் லே-ஆஃப் நோட்டீஸைப் பார்ப்பவர் யார்? மில் தொழிலாளி. ஆகவே மழை நம்முடைய விஷயம்தான். யுத்தமோ, எங்கே நடந்தாலும் சாகிறவன் உழைப்பாளி மகன். அதுவும் நம்முடைய விஷயமே.

2007 ஏப்ரல் 17-ந் தேதி ஐக்கிய நாடுகள் பாதுகாப்புக் கவுன்சில் முதன்முறையாகப் பருவநிலை மாற்றத்தைப் பற்றி விவாதித்தது. கூட்டத்தைக் கூட்டியது பிரிட்டன். இரண்டு மாதம் கழித்து, ஜூன் 16-ந் தேதி, அப்போது ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த பான் கி-மூன் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். சூடான் நாட்டின் டார்ஃபூரில் ஓடும் ரத்தத்திற்கு இயற்கைச் சீரழிவே ஆரம்பம், அதில் ஒரு பங்காவது பருவநிலை மாற்றத்தால் வந்தது என்பது அதன் சாரம். அதுமுதல் உலகப் பத்திரிகைகளில் டார்ஃபூர் என்றாலே "பருவநிலை யுத்தம்" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது.

சூடான் சர்க்காருக்கும் இந்தப் பேச்சு கசக்கவில்லை. வறட்சி வந்தது, தண்ணீருக்காகக் குலங்கள் அடித்துக்கொண்டன, இதில் எங்கள் கை எங்கே இருக்கிறது என்று அவர்களும் கையை விரித்தார்கள். கொலை செய்தவனும், கொலையைப் பார்த்துக்கொண்டிருந்தவனும் ஒரே காரணத்தைச் சொன்னால் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டாமா?

கம்பு விளையும் பூமி

டார்ஃபூர், சூடானின் மேற்குக் கோடியில் சாட் நாட்டை ஒட்டியிருக்கிறது. பரப்பு சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. வடக்கே பாலைவனம், தெற்கே போகப் போகப் புல்லும் மரமும். நடுவில் ஜெபல் மாரா என்ற எரிமலைத் தொடர், 3,000 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிறது. அந்த மலைச்சரிவில் படிப்படியாகக் கல்வரப்புக் கட்டிப் பயிர் செய்கிறவர்கள் ஃபூர் மக்கள். டார்ஃபூர் என்றாலே ஃபூர் மக்களின் நாடு என்றுதான் பொருள். மேற்கே மசாலித் மக்கள், வடக்கே ஸகாவா மக்கள். வட பகுதியில் ஒட்டகம் மேய்ப்பவர்களும், தென் பகுதியில் மாடு மேய்ப்பவர்களுமான அரபுக் குலத்தார்.

பத்திரிகைகள் "அரபியருக்கும் கறுப்பருக்கும் சண்டை" என்று எழுதின. அங்கே எல்லாருமே கறுப்பர்கள்தான். எல்லாரும் முஸ்லிம்கள். ஃபூர் விவசாயி பத்து மாடு சேர்த்துக்கொண்டு மேய்ச்சலுக்குக் கிளம்பினால் இரண்டு தலைமுறையில் அரபுக் குலத்தோடு கலந்துவிடுவதும், மாடுகளை இழந்த மேய்ப்பன் ஒரு கிராமத்தில் உட்கார்ந்து உழ ஆரம்பிப்பதும் அங்கே நடந்து வந்தவை. உழுகிறவன், மேய்க்கிறவன் என்பதுதான் வேற்றுமை.

இவர்கள் சாப்பாடு என்ன தெரியுமா? கம்பு. நம் கம்பேதான். மணற்பாங்கான நிலத்தில் கம்பும், களிமண்ணில் சோளமும் விளைவிக்கிறார்கள். வேல மர இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தைக் கீறிப் பிசின் எடுக்கிறார்கள். உலகச் சந்தைக்கு வரும் அந்தப் பிசினில் பெரும்பகுதி சூடானிலிருந்தே போகிறது. பாட்டில் பானங்களுக்கும், மருந்துக்கும், துணியில் சாயம் அச்சிடுவதற்கும் அது வேண்டும். 1997-ல் அமெரிக்கா சூடான்மீது வர்த்தகத் தடை விதித்தபோது, இந்தப் பிசினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டது! பான முதலாளிகளின் தாகத்துக்குத் தடையேது?

உழுகிறவனும் மேய்க்கிறவனும் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதை நம் விவசாயத் தோழர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் வருகிறார்கள் அல்லவா? வயலில் கிடை போடுகிறார்கள். ஆட்டுக்கு அரிதாளும் புல்லும்; நிலத்துக்குப் புழுக்கையும் மூத்திரமும். டார்ஃபூரிலும் இதே ஏற்பாடுதான், ஆட்டுக்குப் பதில் ஒட்டகமும் மாடும். மழைக்காலத்தில் மந்தைகள் வடக்கே போகும். மழை ஓய்ந்ததும் தெற்கே திரும்பும். அதற்கென்று அகலமான மந்தைப் பாதைகள் உண்டு. பாதையை அடைத்து எவரும் உழக் கூடாது. அறுப்பு முடியாத கொல்லையில் எவரும் மாட்டை விடக் கூடாது. மீறினால் இரு தரப்புப் பெரியவர்களும் மரத்தடியில் உட்கார்ந்து நஷ்டஈடு சொல்வார்கள். கொலை விழுந்தால்கூட ரத்தப் பணம் கொடுத்துச் சமரசம் செய்வதுண்டு.

அது பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. சுல்தான்கள் ஆண்ட காலத்தில் அடிமை வியாபாரமும் இருந்தது, கொள்ளையும் இருந்தது. நிலத்தைக் குலவாரியாகச் சுல்தான் பட்டயம் போட்டுக் கொடுத்தபோது, வடக்கே ஒட்டகம் மேய்த்த சில குலங்களுக்குச் சொந்தமாக நிலமே ஒதுக்கப்படவில்லை. நிலம் இல்லாவிட்டாலும் பாதை இருக்கிறது என்று அவர்கள் வாழ்ந்தார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1916-ல் பிரிட்டிஷ் ராணுவம் சுல்தான் அலி தினாரைக் கொன்று டார்ஃபூரைச் சூடானோடு சேர்த்துக்கொண்டது. வெள்ளையனுக்கு வேண்டியிருந்தது பருத்தி. நீல நைல் நதியில் சென்னார் அணையைக் கட்டி, 1925 முதல் கெசிராவில் லட்சக்கணக்கான ஏக்கரில் லங்காஷயர் மில்களுக்குப் பருத்தி பயிரிட வைத்தான். நம் நாட்டு மில்களிலும் சூடானின் நீண்ட இழைப் பஞ்சு ஒரு காலத்தில் ஓடியது. டார்ஃபூர் அந்தப் பருத்தித் திட்டத்தில் இல்லை. ஆகவே அங்கே பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அபூர்வம். நியாலா நகரத்துக்கு ரயில் போய்ச் சேர்ந்தது, சூடான் சுதந்திரம் அடைந்த பிறகு, 1959-ல்தான்.

மழையைத் திருடியவர் யார்?

இப்போது மழைக்கு வருவோம். அல்-ஃபாஷர் நகரத்தில் 1946 முதல் 1975 வரை 30 ஆண்டுகளின் சராசரி மழை வருஷத்துக்கு 272 மில்லிமீட்டர். அடுத்த 30 ஆண்டுகளில், 1976 முதல் 2005 வரை, 179 மில்லிமீட்டர். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி 900 மில்லிமீட்டருக்கு மேல். அதில் 200 குறைந்தாலே நாம் படுகிற பாடு தெரியும். 272-ல் 90 குறைந்தால் கம்புக்கதிர் பால் பிடிக்குமா? ஐ.நா. சுற்றுச்சூழல் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட அறிக்கை, 1930-களிலிருந்து கணக்கிட்டால் பாலைவனத்தின் எல்லை 50 முதல் 200 கிலோமீட்டர் வரை தெற்கே இறங்கிவிட்டது என்று மதிப்பிட்டது. இது பொய்யல்ல. "பருவநிலை மாற்றம் என்பதே பணக்கார நாடுகள் கட்டிவிட்ட கதை" என்று நம்மில் சிலர் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுகிறார்கள். அது சரியல்ல. மேய்ச்சல்காரனின் ஒட்டகம் செத்தது கதையல்ல.

மழை ஏன் குறைந்தது? 1970-களில் மேல்நாட்டு விஞ்ஞானிகள் சொன்ன விளக்கம்: இந்த மேய்ப்பர்கள் அளவுக்கு மீறி மேய்த்தார்கள், மரத்தை வெட்டினார்கள், பூமி மொட்டையானது, அதனால் மழை நின்றது. அதாவது ஏழை தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டான்! சர்க்கார்களுக்கு இந்த விளக்கம் மிகவும் பிடித்துப் போயிற்று. மேய்ப்பனை விரட்ட அது ஒரு சாக்கு.

2003-ல் மூன்று விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மூவரில் ஒருவர் பெயர் சரவணன். பாலைவனத்தின் தென் விளிம்பில் மழை கூடுவதையும் குறைவதையும் பெரும்பாலும் நிர்ணயிப்பது கடல்களின் வெப்பநிலை என்று அவர்கள் காட்டினார்கள். கடல் சூடானால் மழைப்பட்டை நகர்கிறது. பிற ஆராய்ச்சிகள் இன்னொன்றையும் சேர்த்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆலைப் புகைபோக்கிகள் கக்கிய கந்தகப் புகை வட அட்லாண்டிக் கடல்மீது வெயிலை மறைத்தது. வடக்கே கடல் குளிர்ந்ததால் மழைப்பட்டை தெற்கே தள்ளிப் போனது. இங்கே மாடு மேய்ப்பவன் என்ன செய்தான்? ஒன்றும் செய்யவில்லை. லாபம் தேடி எரித்த நிலக்கரியின் புகை, அதை ஒருநாளும் பார்த்திராதவனின் மழையைக் கொண்டுபோயிற்று. அப்போது அவனைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தார்கள்.

1990-களுக்குப் பிறகு மழை ஓரளவு மீண்டிருக்கிறது. ஆனால் வெயில் ஏறிக்கொண்டே போகிறது. மழையும் முன்போல நிதானமாகப் பெய்வதில்லை, கொட்டித் தீர்க்கிறது. 2025 ஆகஸ்ட் 31-ந் தேதி, பல நாள் கனமழைக்குப் பின் ஜெபல் மாராவில் தராசின் என்ற கிராமத்தின்மேல் மலைச்சரிவு விழுந்து நூற்றுக்கணக்கானோர் மண்ணுக்குள் போனார்கள்.

விதையில் மணலைக் கலந்தார்கள்

1983, 1984 இரண்டு வருஷமும் மழை அடியோடு பொய்த்தது. டார்ஃபூர் கவர்னராக இருந்த அகமது திரைஜ், பஞ்சம் வருகிறது, உலகத்திடம் உதவி கேளுங்கள் என்று ஜனாதிபதி நிமெய்ரிக்கு எழுதினார். சூடானை அரபு உலகின் நெற்களஞ்சியம் ஆக்குவேன் என்று கடன் வாங்கிக்கொண்டிருந்தவர் நிமெய்ரி. களஞ்சியத்தில் பஞ்சம் என்று எப்படி ஒப்புக்கொள்வார்? மறுத்துவிட்டார். கைது செய்யப்படும் நிலை வந்து கவர்னர் நாட்டைவிட்டே ஓட வேண்டியதாயிற்று.

அந்தப் பஞ்சத்தில் டார்ஃபூரில் மட்டும் வழக்கமான சாவுக்கு மேல் சுமார் 95,000 பேர் இறந்ததாக, அங்கே தங்கி ஆராய்ந்த அலெக்ஸ் டி வால் கணக்கிட்டார். அவர் எழுதிய ஒரு செய்தி நம் மனதை விட்டு அகலவில்லை. கையில் கொஞ்சம் விதைக்கம்பு இருக்கிறது. குழந்தைகள் பசியில் அழுகின்றன. எடுத்துச் சமைத்துவிட்டால் அடுத்த மழைக்கு விதைக்க ஒன்றுமில்லை. பிள்ளைகள் எடுத்துத் தின்றுவிடாதபடி விதையோடு மணலைக் கலந்து வைத்தாளாம் ஒரு தாய். தாய்மார்களே, அந்தக் கையை நினைத்துப் பாருங்கள். சோம்பேறிகள், காட்டுமிராண்டிகள், ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளப் பிறந்தவர்கள் என்று பெயர் சூட்டப்பட்ட ஜனங்கள் இவர்கள்! பசியில் அடுத்தவன் வீட்டைக் கொள்ளையடிக்கவில்லை. காட்டுக்காய்களைப் பறித்துத் தின்றார்கள், கூலி தேடி நடந்தார்கள், விதையைக் காப்பாற்றினார்கள். பெரும்பாலோர் செத்ததும் வெறும் பட்டினியால் அல்ல. பிழைப்புத் தேடிக் குவிந்த இடங்களில் கெட்ட தண்ணீரைக் குடித்து, அம்மையும் பேதியும் கண்டு செத்தார்கள்.

1985-ல் அதே ஆராய்ச்சியாளர் வடக்கே ஒட்டகம் மேய்க்கும் மகாமித் குலத்தின் வயோதிகத் தலைவர் ஷேக் ஹிலாலைச் சந்தித்தார். கண் மங்கிய கிழவர். மணல் வந்து நல்ல நிலத்தை மூடுகிறது, மழை வந்தால் மண்ணை அரித்துக்கொண்டு போகிறது, விவசாயிகள் வேலி போட ஆரம்பித்துவிட்டார்கள், உலகமே தடம் புரண்டுவிட்டது என்று அவர் வருந்தினார். இருந்தும் பழைய நியாயத்தை விட அவர் தயாராக இல்லை. அந்தக் கிழவரின் மகன் மூசா ஹிலால். 2003-ல் ஊர்களைக் கொளுத்திய ஜன்ஜவீத் படையின் பெயர்பெற்ற தலைவன் அவனே. அதே குலம், அதே பாலைவனம். இடையில் 18 வருஷம். அந்தப் பதினெட்டு வருஷத்தில் என்ன நடந்தது? நம் கேள்வி முழுவதும் அதில்தான் இருக்கிறது.

நிலமும் துப்பாக்கியும்

கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்க வேண்டும். 1970-ல் நிமெய்ரி சர்க்கார் ஒரு சட்டம் போட்டது: பத்திரம் பதியாத நிலமெல்லாம் சர்க்காருக்குச் சொந்தம். டார்ஃபூரில் எந்த விவசாயி பத்திரம் பதிந்தான்? பாட்டன் உழுதான், பேரன் உழுகிறான், அதுதான் பத்திரம். ஒரே கையெழுத்தில் ஜனங்கள் அனைவரும் தங்கள் நிலத்திலேயே புறம்போக்கில் குடியிருப்பவர்கள் ஆனார்கள். 1971-ல் குலப் பெரியவர்களின் நிர்வாகமும் கலைக்கப்பட்டது. அந்தப் பெரியவர்களில் பலர் வெள்ளையனுக்குச் சலாம் போட்டவர்கள்தான். அவர்களுக்காக நாம் கண்ணீர் விடவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக வந்தது என்ன? சம்பளமில்லாத குமாஸ்தாவும், ஜீப்புக்குப் பெட்ரோல் இல்லாத போலீஸும். மந்தைப் பாதையில் தகராறு என்றால் தீர்க்க ஆளில்லை.

சூடானின் மற்றப் பகுதிகளில் 1968 முதல் உலக வங்கிக் கடனில் இயந்திரப் பண்ணைகள் வந்தன. வியாபாரிகளும் அதிகாரிகளும் ராணுவத்தாரும் ஆயிரக்கணக்கான ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, டிராக்டரை ஓட்டி, மண் செத்ததும் அடுத்த நிலத்துக்குப் போனார்கள். மேய்ச்சல் பாதைகள் அடைபட்டன. கார்ட்டூமில் ஆளும் கூட்டத்துக்கு நிலம் என்றால் என்ன என்பதற்கு இது ஓர் உதாரணம்.

டார்ஃபூரில், பஞ்சத்துக்குப் பின் விவசாயி வேலி போட்டான். ஏன்? விளைச்சல் பாதியான பின் அரிதாளுக்கும் புல்லுக்கும் விலை வந்துவிட்டது. முன்பு மேய்ப்பனுக்கு இலவசமாக விட்டதை இப்போது அடைத்து வைத்து விற்றான். மேய்ப்பன் வேலியை அறுத்தான். இரண்டு பேர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, தோழர்களே. சொந்த நிலமே இல்லாத அந்த வடக்கு ஒட்டகக் குலங்களை ஞாபகத்தில் வைக்கச் சொன்னோமே, அவர்களுக்குப் பாதையும் போயிற்று, மந்தையும் செத்தது. ஒட்டகத்தை இழந்த இளைஞனுக்கு உழ நிலமில்லை, படிக்கப் பள்ளி இல்லை, வேலைக்கு ஆலை இல்லை. மில்லில் 'பதிலி' வேலைக்காகக் காலையில் கேட்டில் நிற்கிறவனின் நிலை. ஆனால் அங்கே கேட்டே கிடையாது.

இந்த நேரத்தில் துப்பாக்கி வந்தது. சாட் நாட்டில் லிபியா நடத்திய யுத்தத்துக்கு 1980-களில் டார்ஃபூர் பின்முகாம். ஆயுதம் மலிந்தது. கூடவே, அரபு ரத்தமே ஆளப் பிறந்த ரத்தம் என்ற விஷப் பிரச்சாரமும் வந்தது. 1987 முதல் 1989 வரை ஃபூர் மக்களுக்கும் அரபுக் குலங்களுக்கும் பெரும் சண்டை. 1989-ல் ராணுவப் புரட்சி செய்து பதவிக்கு வந்த அல்-பஷீர் சர்க்கார் 1994-ல் டார்ஃபூரை மூன்று மாகாணமாகப் பிரித்தது. மூன்றிலும் ஃபூர் மக்கள் சிறுபான்மை ஆனார்கள். மேற்கே மசாலித் பூமியில் புதுப் புது அரபு 'அமீர்'களை நியமித்தது. நியமனமென்றால் நிலத்தின்மேல் பாத்தியதை. சண்டைக்கு வித்திட்டது மேகமா, கெஜட்டா?

2003 ஏப்ரலில் டார்ஃபூர்க் கலகக்காரர்கள் அல்-ஃபாஷர் விமான தளத்தைத் தாக்கினார்கள். சர்க்காரின் பட்டாளம் தென் சூடான் யுத்தத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. சிப்பாய்களில் நிறையப் பேர் டார்ஃபூர்க்காரர்களே, அவர்களை நம்ப முடியவில்லை. ஆகவே மலிவான வழியைத் தேடினார்கள். நிலமும் மந்தையும் இல்லாத இளைஞர்களைப் பிடித்துச் சம்பளமும் துப்பாக்கியும் கொடுத்து, கொள்ளையடிப்பது உனக்கே, நிலமும் உனக்கே என்று அனுப்பினார்கள். மேலே விமானம் குண்டு போடும்; கீழே ஜன்ஜவீத் குதிரையிலும் ஒட்டகத்திலும் வருவான். கிணறுகளில் விஷமும் பிணமும் போட்டார்கள், மாமரங்களை வெட்டினார்கள். ஊர்க்காரன் திரும்பி வந்து பிழைக்கவே கூடாது என்பது திட்டம். 2008-ல் ஐ.நா. சொன்ன மதிப்பீடு: யுத்தத்தாலும் பசி நோயாலும் சுமார் 3 லட்சம் பேர் சாவு. வீடிழந்தோர் 25 லட்சத்துக்கு மேல். 2009 மார்ச் 4-ந் தேதி சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஜனாதிபதி பஷீரைப் பிடிக்க வாரண்டு பிறப்பித்தது.

கெவேன், கிரே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் மழைக் கணக்கையும் யுத்தக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மழை சடாரென்று இறங்கியது 1970-களின் தொடக்கத்தில். பிறகு முப்பது வருஷம் அந்தத் தாழ்ந்த மட்டத்திலேயே ஏறி இறங்கியது. யுத்தமோ 2003-ல். அதே வறட்சி நைஜரையும் புர்கினா பாசோவையும் வாட்டியது; 2003-ல் அங்கே இப்படிப்பட்ட கொலைக்களம் இல்லை. மழை மட்டுமே காரணமென்றால் இந்த முப்பது வருஷத்துக்கு என்ன கணக்கு?

நாங்கள் இதை இப்படிப் புரிந்துகொள்கிறோம். வறட்சி மனிதனை மந்தையிலிருந்தும் நிலத்திலிருந்தும் பிடுங்கி நடுத்தெருவில் நிறுத்துகிறது. நிறுத்தப்பட்டவன் கூலிக்காரன் ஆவானா, அகதி ஆவானா, கூலிப்படை ஆவானா என்பதை வறட்சி முடிவு செய்வதில்லை. யார் அவனை வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. இந்தப் பூமி இன்னும் சூடாகப் போகிறது; நடுத்தெருவில் நிற்போர் தொகை இன்னும் ஏறும். ஆகவேதான் பருவநிலை மாற்றத்தைச் சாதாரணமாக நினைக்க முடியாது என்கிறோம்.

தங்கம்

வாங்குகிறவனுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 2012-ல் வட டார்ஃபூரின் ஜெபல் ஆமிரில் தங்கம் கிடைத்தது. அதைக் கைப்பற்ற 2013-ல் அரபுக் குலங்களே தங்களுக்குள் வெட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அரபு ரத்தம் என்ற கோஷம் அன்று எங்கே போயிற்று? அந்தச் சுரங்கம் முதலில் மூசா ஹிலால் கைக்கும், 2017-ல் அவனைப் பிடித்து உள்ளே தள்ளிய ஹெமட்டி என்ற இன்னொரு ஜன்ஜவீத் தளபதியின் கைக்கும் போனது. ஹெமட்டியின் படைக்கு 2013-லேயே 'அதிவேக ஆதரவுப் படை' என்று சர்க்கார் பெயர் சூட்டியிருந்தது. சூடான் தங்கத்தின் பெரும்பகுதி துபாய்ச் சந்தைக்குப் போகிறது.

2018 டிசம்பரில் ரொட்டி விலையை ஒன்றுக்கு மூன்றாக ஏற்றினார்கள். ரயில்வேத் தொழிலாளர் நகரமான அத்பராவில் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். 2019 ஏப்ரல் 11-ல் பஷீர் வீழ்ந்தார். ஆனால் ராணுவமும் ஹெமட்டி படையும் சேர்ந்து 2021 அக்டோபரில் அதிகாரத்தைப் பறித்தன. பிறகு கொள்ளையைப் பங்கு போடுவதில் மோதி 2023 ஏப்ரல் 15-ல் யுத்தம் தொடங்கின. ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வீடிழந்தார்கள். பழைய யுத்தத்தின் அகதிகள் வாழ்ந்த ஸம்ஸம் முகாமில் 2024 ஆகஸ்டில் பஞ்சம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த வருஷம் மழை பொய்க்கவில்லை, தோழர்களே! வெள்ளமே வந்தது. வண்டிகளை மறித்தது துப்பாக்கி. ஒன்றரை வருஷ முற்றுகைக்குப் பின் 2025 அக்டோபர் 26-ல் அல்-ஃபாஷர் வீழ்ந்தது. நடந்த படுகொலைகளை விவரிக்க நமக்கு நா எழவில்லை.

பணக்கார நாடுகள் என்ன செய்கின்றன? "பாதுகாப்பு" என்கிறார்கள். யாருக்குப் பாதுகாப்பு? 2014-ல் ஐரோப்பிய யூனியன் அகதிகள் வருவதைத் தடுக்கக் கார்ட்டூம் பெயரால் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஐரோப்பாவுக்காக நாங்கள் எல்லையில் காவல் நிற்கிறோம் என்று ஹெமட்டி பகிரங்கமாகவே மார்தட்டினான். அவனுக்குப் பணம் கொடுக்கவில்லை என்றது யூனியன். 1997-ல் கியோட்டோவில் புகைக்குக் கணக்கு எழுதியபோது, சர்வதேச ராணுவ நடவடிக்கைகளின் புகைக்குக் கணக்கு வேண்டாம் என்று அமெரிக்கா விலக்கு வாங்கிக்கொண்டது.

2021 டிசம்பரில் பருவநிலையைப் பாதுகாப்புக் கவுன்சிலின் பொறுப்பில் சேர்க்கும் தீர்மானம் வந்தபோது 12 நாடுகள் ஆதரித்தன, ரஷ்யா வீட்டோ போட்டது, இந்தியாவும் எதிர்த்தது, சீனா நடுநிலை வகித்தது. புகை விட்டவர்களே நீதிபதியாக உட்கார்ந்து, பட்டாளத்தோடு வந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் எதிர்த்து ஓட்டுப் போட்டதோடு டார்ஃபூர்க்காரனுக்குக் குடிதண்ணீர் வந்துவிடவில்லை.

இதெல்லாம் தூர தேசத்துச் சமாசாரம் என்று ஒதுக்க வேண்டாம். 2016 செப்டம்பர் 12-ந் தேதி பெங்களூரில் நடந்ததை யோசியுங்கள். காவிரியில் தண்ணீர் குறைந்த வருஷம். தமிழ்நாட்டு நம்பர் போட்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன. அடி வாங்கியவர் டிரைவர், கிளீனர். மாண்டியா விவசாயியின் கரும்பும் காய்ந்தது, தஞ்சாவூர் விவசாயியின் நாற்றும் காய்ந்தது. அந்த வருஷ வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. டார்ஃபூரும் காவிரியும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. இங்கே நீதிமன்றம் இருக்கிறது, கட்சிகளும் சங்கங்களும் இருக்கின்றன. ஆனால் தண்ணீர் குறைந்த வருஷத்தில் பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டி "இவன்தான்" என்று சொல்ல எவனாவது வருவான் என்பது எல்லா ஊருக்கும் பொது.

கடைசியாக, டார்ஃபூர் ஜனங்கள் தாங்களாகச் செய்த ஒரு காரியம். 2003 யுத்தத்துக்குப் பின் வட டார்ஃபூரின் சில பகுதிகளில் உழுகிறவர்களும் மேய்க்கிறவர்களும் சேர்ந்து பயிர்ப் பாதுகாப்புக் கமிட்டிகள் அமைத்தார்கள். இரு தரப்பிலும் ஆட்கள். அறுப்பு முடியும்வரை மந்தை எந்த வழியாகப் போக வேண்டும், எந்த நாளில் கொல்லைக்குள் விடலாம் என்று முன்கூட்டியே பேசி அறிவிப்பார்கள். ஒட்டகம் பயிரில் இறங்கிவிட்டால், இரண்டு பக்கத்து ஆட்களும் போய் நின்று எத்தனை கதிர் போயிற்று என்று பார்த்து நஷ்டத்தை மதிப்பிடுவார்கள், மேய்ப்பன் கட்டுவான். துப்பாக்கியோடு வந்தவனும் கட்டியிருக்கிறான். 2023-க்குப் பின் நகரங்களில் வாலிபர்கள் தெருத்தெருவாகப் பொதுச் சமையற்கூடங்கள் நடத்தினார்கள். 2025 ஆரம்பத்தில் அமெரிக்கா பணத்தை நிறுத்தியதும் அவற்றில் நூற்றுக்கணக்கானவை மூடப்பட்டன. மிச்சமிருப்பவை, வெளிநாட்டில் வேலை செய்யும் சூடான் தொழிலாளிகள் அனுப்பும் காசிலும் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து போடும் தானியத்திலும் அடுப்பெரிக்கின்றன.